பரணில் கிடந்த கவர்மெண்ட் லேப்டாப்

தமிழ்நாட்டில் 2011-க்குப் பிறகு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 'விலையில்லா மடிக்கணினி' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்த வருடம் செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளன்று, அன்றைய முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. மூடியில் முதல்வர் படம், கூடவே தோளில் மாட்டும் பை. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். ஜனங்கள் வாயில் அது 'கவர்மெண்ட் லேப்டாப்'. சில ஊரில் 'அம்மா லேப்டாப்'.

அந்த 50 லட்சமும் இப்போது எங்கே?

கொடுத்த மாதமே கைமாறியது கொஞ்சம். பழைய இரும்புக்கடைக்குப் போனது கொஞ்சம். மீதியில் பெரும்பாலானவை பீரோ மேலும் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும்தான் இருக்கும். செத்துப்போனது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தூக்கிப்போட மட்டும் மனசு வராது. இந்தக் கட்டுரை அப்படி ஒரு லேப்டாப்பைப் பற்றியது. கிடந்த இடம் தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம். (வ.உ.சி. பிறந்த ஊர். பக்கத்திலேயே கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. சரித்திரப் புத்தகத்தில் ஊருக்கு இருக்கிற இடம், பஸ் டைம் டேபிளில் கிடையாது.)

அந்த வீட்டு அக்காவுக்கு அது 2012-ல் கிடைத்தது. 14 அங்குலத் திரை, இன்டெல் பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அன்றைக்கு அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். ஆன் செய்தவுடன் ஒரு கறுப்புத் திரை வந்து, விண்டோஸ் 7 வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். எதையும் அழுத்தாமல் விட்டால் தானாக ஒன்றைத் திறக்கும். ஒரு பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள்.

பாஸ் என்றால் முதலாளி இல்லை. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை எடுத்து இந்திய மொழிகளுக்குத் தகுந்தபடி மாற்றி, சென்னையில் இருக்கிற சி-டாக் மையம் செய்தது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. தமிழ்நாட்டு அரசுக்கு லினக்ஸ் ஒன்றும் புதிதில்லை. 2006, 2007 வாக்கிலேயே சி. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றினார். அப்போது அது பெரிய பேச்சு. அந்த வாசனையில்தான் மாணவர் லேப்டாப்பிலும் லினக்ஸ் வந்தது.

வந்தது சரி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஓட்டப்பிடாரத்தில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்க வைத்து, கையெழுத்து வாங்கி, பையோடு கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், அதில் இருந்த விண்டோஸ் 7 'ஸ்டார்ட்டர்' பதிப்பு. அதில் வால்பேப்பரை மாற்ற முடியாது. சிரிக்க வேண்டாம், பதினேழு வயதில் அது பெரிய பிரச்சினை. விஜய் படமோ சூர்யா படமோ வைக்க முடியாத லேப்டாப் எதற்கு? ஆக, வாங்கிய இரண்டாவது வாரமே அது ஒரு சர்வீஸ் கடைக்குப் போனது. முன்னூறு ரூபாய்க்கு 'விண்டோஸ் 7 அல்டிமேட்' போட்டுக் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்காத திருட்டுப் பிரதிதான். அதோடு அந்தக் கறுப்புத் திரைக் கேள்வியும் மறைந்தது. "அந்த லினக்ஸ எடுத்துட்டோம், இனிமே தொந்தரவு இல்ல" என்று கடைக்காரர் சொன்னதாக அக்காவுக்கு ஞாபகம்.

அதே கதை ஊர் ஊராக நடந்தது. மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேரளாவில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2000-களின் நடுவிலேயே பள்ளிகளை லினக்ஸ் பக்கம் திருப்பியது. அவர்கள் முதலில் செய்தது வாத்தியார்களுக்குப் பயிற்சி. பாடப்புத்தகமே லினக்ஸை வைத்து எழுதினார்கள், பரீட்சையும் அதிலேயே வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே பள்ளிக் கணினிகளில் அதுதான் ஓடுகிறது. இங்கே பெட்டியைக் கொடுத்தார்கள். செங்கோட்டை தாண்டினால் வேற நாடு போல இருக்கிறது.

சரி, அக்காவிடம் வருவோம். அவர் தூத்துக்குடியில் பி.ஏ. தமிழ் படித்தார். நாட்டார் வழக்காற்றியல் தாளுக்கு ஒரு புராஜெக்ட். ஆளாளுக்கு ஊர்ப் பாட்டுகளைச் சேகரித்து வரச் சொன்னார்கள். அக்கா வெளியே எங்கும் அலையவில்லை. வீட்டிலேயே ஆச்சி இருந்தார். பருத்தி எடுக்கிறபோது பாடுவது, களையெடுப்பில் பாடுவது, தாலாட்டு, ஒப்பாரி என்று ஆச்சியிடம் சரக்குக்குக் குறைவில்லை. ஒரு சின்ன செல்போனில் பதிந்து, லேப்டாப்பில் ஏற்றி, கேட்டுக் கேட்டு பாமினி எழுத்துருவில் டைப் செய்தார். 17 ஒலிக்கோப்புகள். கல்லூரிக்குக் கொடுத்த அச்சுப் பிரதி கல்லூரியோடு போயிற்று. செல்போன் கிணற்றில் விழுந்தது. மிச்சம் இருந்தது அந்த லேப்டாப்பின் டி டிரைவ் மட்டும்.

2018-ல் ஆச்சி இறந்தார். அதே வருடம் லேப்டாப்பும் படுத்துவிட்டது.

லேப்டாப் ஏன் படுத்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம். 2017 வாக்கில் வேறொரு கடையில் விண்டோஸ் 10 போட்டிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி அதற்கு 2 ஜிபி ரேம் போதும். காகிதத்தில் போதும்தான். நிஜத்தில் எப்படி என்றால், ரேம் என்பது களம் மாதிரி, ஹார்டு டிஸ்க் குலுக்கை மாதிரி. கதிரடிப்பது எல்லாம் களத்தில்தான் நடக்கும். களம் சின்னதாக இருந்தால் பாதி தானியத்தை அள்ளிக்கொண்டு போய் குலுக்கையில் கொட்டிவிட்டு, மறுபடி வேண்டும்போது அள்ளி வர வேண்டும். வேலை செய்வதைவிட அள்ளுவதில்தான் நேரம் போகும். விண்டோஸ் 10-ல் பின்னணியில் அப்டேட், வைரஸ் சோதனை, தேடல் அட்டவணை என்று ஆளுக்கொரு பக்கம் அள்ளிக்கொண்டே இருப்பார்கள். சுழலும் தட்டு வைத்த பழைய ஹார்டு டிஸ்க்கால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவப்பாகக் காட்டும். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சுட்டி நகராது.

இதற்கு மேல் கரிசல் புழுதி. கோடையில் ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், பசுவந்தனைப் பக்கம் காற்று அடித்தால் ஜன்னல் மூடியிருந்தாலும் திண்ணையில் பெயர் எழுதலாம். அந்தப் புழுதி லேப்டாப் விசிறிக்குள் போய்ப் படிந்து, ஈரம் பட்டு இறுகி, சூடு வெளியே போகிற வழியை அடைத்துவிடும். செயலி சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பேட்டரியும் போய்விட்டது. கரண்ட் போனால் அப்படியே அணையும். அப்படி ஒரு நாள் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. அதற்குப் பிறகு 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்ற நீலத் திரையைத் தாண்டி அது வரவே இல்லை.

கடையில் சொன்ன பதில் ஒரே வார்த்தை. ஃபார்மேட்.

"உள்ள இருக்கிறது எல்லாம் போயிருமா?" "போயிரும்மா. டேட்டா ரெக்கவரி பண்ணணும்னா தனி, மூவாயிரம் நாலாயிரம் ஆகும், கேரண்டி கிடையாது." அக்கா லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஃபார்மேட் செய்ய விடவில்லை, மூவாயிரமும் இல்லை. அப்படித்தான் அது பரணுக்குப் போனது. அக்கா கல்யாணமாகி கோவில்பட்டிக்குப் போனார்.

பரணிலிருந்து அதை இறக்கியது சித்தப்பா மகன். 2024 மே மாதம், அவன் பிளஸ் டூ முடித்து, கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரக் காத்திருந்தான். அவன் படித்ததும் அரசுப் பள்ளிதான். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகளில் லேப்டாப் கொடுப்பது நின்றுபோயிருந்தது. அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்குக் கிடைக்கவில்லை. (கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அதற்குள் அவன் முதல் வருடம் முடியப் போகிறது.) கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிற பையனிடம் கம்ப்யூட்டர் இல்லை.

"அது செத்து எத்தன வருசம் ஆச்சு! அத எதுக்குலே எறக்குதே?" என்றார் பெரியம்மா.

அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டான். எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே நிபந்தனை: "என்ன வேணும்னாலும் செய்யி தம்பி, ஃபார்மேட் மட்டும் பண்ணிராத."

முதல் வேலை திருப்புளி. பின்பக்க மூடியைக் கழற்றினால் விசிறிக்கும் தாமிரத் தகடுக்கும் நடுவில் கம்பளி விரித்தது மாதிரி ஒரு கறுப்புப் படலம். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தான். காய்ந்து பொருக்காகிப் போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தான். மதர்போர்டில் இருக்கிற நாணயம் மாதிரியான சின்ன பேட்டரியும் செத்திருந்தது. அது போனால் கணினிக்குத் தேதி மறந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் இணையத்தில் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது. 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று பயமுறுத்தும். பழைய கம்ப்யூட்டரில் இணையம் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். பாதி வியாதி அதுதான்.

இரண்டாவது வேலை இயங்குதளம். அவன் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மிண்ட் 21.3, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அந்த ஜனவரியில் வந்தது, 2027 வரை அப்டேட் உண்டு. ஏன் அது? உபுண்டுவின் வழக்கமான பதிப்பு 2 ஜிபிக்குப் பாரம். பப்பி லினக்ஸ் மாதிரி மிகச் சிறியவை பறக்கும், ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதன் போக்கு பிடிபட நாளாகும். மிண்ட் நடுவில் இருக்கிறது. விண்டோஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவும் தெரியாது.

பதிவிறக்க வேண்டிய கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. செல்போன் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. இந்தக் கணக்கு எந்த நகரத்துக் கட்டுரையிலும் வராது! இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தான். அன்றைய பங்கு தீர்ந்ததும் நிறுத்தினான். பன்னிரண்டு மணிக்கு மேல் புதுப் பங்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அதுவும் போதாமல் கடைசித் துண்டுக்கு அம்மாவின் போன். விடியும்போது கோப்பு முழுசாக வந்திருந்தது. அதைப் பென் டிரைவில் எழுத இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டுமே என்றால், தேவையில்லை. எட்ச்டிராய்டு என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. ஓடிஜி ஒயர் போட்டு பென் டிரைவைச் செருகினால் போனிலிருந்தே எழுதிக்கொடுத்துவிடும். எழுதுவதற்கு முன் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை மிண்ட் தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்த்தான். துண்டு துண்டாக இறங்கிய கோப்பு அல்லவா, ஒரு பிட் மாறினாலும் பாதியில் காலை வாரும்.

இங்கேதான் லினக்ஸின் பெரிய வசதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பென் டிரைவிலிருந்து நேராக ரேமுக்குள் ஏறி, முழு டெஸ்க்டாப்பும் வந்து நிற்கும். நீங்கள் சொல்லாதவரை ஹார்டு டிஸ்க்கை அது தொடாது. விண்டோஸ் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாலும் விண்டோஸ் டிரைவ்களைத் திறந்து படிக்கும். 'மூவாயிரம் நாலாயிரம், கேரண்டி இல்லை' என்று சொன்ன வேலை இதுதான். டிஸ்க் உடலளவில் கெட்டுப்போயிருந்தால் கதை வேறு, அதற்கு நிஜமாகவே தனிக் கருவியும் ஆளும் வேண்டும். ஆனால் இயங்குதளம் மட்டும் படுத்திருக்கிற கணினிக்கு ஒரு பென் டிரைவ் போதும். இது தெரியாமல் எத்தனை வீட்டுக் கல்யாண போட்டோக்கள் ஃபார்மேட்டில் போயிருக்கும்!

பச்சை வட்டம் போட்ட மிண்ட் டெஸ்க்டாப் வந்ததும் அவன் முதலில் திறந்தது ஹார்டு டிஸ்க்கின் ஆரோக்கிய அறிக்கையை. சில செக்டார்கள் போய்விட்டிருந்தன. ஆனாலும் ஓடுகிற நிலைமை. இரண்டாவது, டி டிரைவ். 'புராஜெக்ட்' என்ற ஃபோல்டர். அதற்குள் 17 கோப்புகள், கூடவே வேர்டு கோப்புகள். எதையும் திறந்து பார்க்காமல் அப்படியே இன்னொரு பென் டிரைவுக்கு நகல் எடுத்தான். நகல் முடிந்த பிறகுதான் ஒன்றை ஓடவிட்டான். அடுக்களையிலிருந்த பெரியம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். தன் மாமியார் குரலை ஆறு வருடம் கழித்து அன்றைக்குத்தான் கேட்கிறார்.

டிஸ்க்கில் எந்தெந்தப் பகுதி எவ்வளவு என்று பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சி டிரைவ், டி டிரைவ் போக, கடைசியில் முப்பது ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பகுதி. பக்கத்தில் 2 ஜிபி ஸ்வாப். விண்டோஸ் பகுதி இல்லை. லினக்ஸ் பகுதி. அதைத் திறந்தால் உள்ளே பாஸ் லினக்ஸ், 2012-ல் அரசாங்கம் போட்டுக்கொடுத்தபடியே இருக்கிறது!

எடுத்துவிட்டோம் என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கிற அந்தச் சின்ன நிரலை அது அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்ளும். கதவு மட்டும்தான் அடைபட்டது. அறை அப்படியே இருந்தது. விண்டோஸுக்கு லினக்ஸ் பகுதியைப் படிக்கத் தெரியாது என்பதால் 'மை கம்ப்யூட்டரில்' அது தெரியவே இல்லை. பன்னிரண்டு வருடம், மூன்று விண்டோஸ், இரண்டு கடை, எத்தனையோ வைரஸ், எல்லாவற்றையும் தாண்டி அது அங்கேயே கிடந்திருக்கிறது. பயனர் ஃபோல்டர் காலி. ஒரு நாள்கூட யாரும் உள்ளே நுழைந்ததில்லை.

(சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. பிறந்த ஊரில் ஒரு சுதேசி இயங்குதளம் இப்படி மூழ்கிக் கிடந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதியாகிவிட்டது. மன்னிக்கவும்!)

அக்காவிடம் போனில் கேட்டுவிட்டு, விண்டோஸ் இருந்த சி டிரைவை மட்டும் மிண்டுக்குக் கொடுத்தான். டி டிரைவையும் பாஸையும் தொடவில்லை. நிறுவ முக்கால் மணி நேரம். பேட்டரி இல்லாத லேப்டாப், மே மாதம், எந்த நிமிடம் கரண்ட் போகும் என்று தெரியாது. அந்த முக்கால் மணி நேரமும் வீட்டில் மிக்ஸி போடக்கூடத் தடை.

முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை இல்லை. அந்தச் சில்லுக்கான மென்பொருள் தனியாக இறக்க வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போட்டதும் சிக்கல் தீர்ந்தது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடப் போகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது ஆன் செய்ததும் பழையபடி ஒரு கறுப்புத் திரை வந்து எது வேண்டும் என்று கேட்கிறது. மிண்ட், அடுத்த வரியில் பாஸ். சும்மா ஒரு முறை பாஸுக்குள் போய்ப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது! 2 ஜிபிக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் உலாவியைத் திறந்தால் ஒரு தளமும் வரவில்லை. இன்றைய தளங்கள் பேசுகிற பாதுகாப்பு மொழி 2012-ன் உலாவிக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் அப்டேட் காணாத இயங்குதளம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இணையத்துக்கு ஆகாது. அன்றைக்கே யாராவது அதைத் திறந்து, வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தால் இந்த லேப்டாப் பரணுக்கே போயிருக்காது என்று தோன்றுகிறது. அக்காவின் மூன்று வருடக் கல்லூரி வேலையும் அதில் ஓடியிருக்கும்.

உயிர் வந்துவிட்டது என்று சொன்னாலும், புதுசாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் நாலாவது டேபைத் திறந்தால் மூச்சு வாங்கும். லினக்ஸ் இலேசானது, ஆனால் இணையப் பக்கங்கள் 2012-ன் பக்கங்கள் இல்லையே. யூடியூப் 480-ல் ஓடும், அதற்கு மேல் இழுக்கும். 'எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஓடும்' என்பதும் முழு உண்மை இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது லினக்ஸை எழுதியதே 386 செயலி வைத்த கம்ப்யூட்டரில்தான். அதே 386-க்கான ஆதரவை 2012 கடைசியில் லினக்ஸிலிருந்து நீக்கிவிட்டார்கள்! இப்போது 32-பிட் கணினிகளின் முறை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அவற்றில் நிறுவ முடியாது. இந்த லேப்டாப் 64-பிட். தப்பித்தது.

கல்லூரி திறந்ததும் வேறொரு வேடிக்கை. லேபில் சி மொழி சொல்லிக் கொடுப்பது டர்போ சி-யில். 1990-களின் தொடக்கத்தில் வந்த நீலத் திரை டர்போ சி. லேபில் ஓடுகிற நிரல் வீட்டு லினக்ஸில் ஓடாது. வீட்டில் எழுதியது லேபில் ஓடாது. திரையைத் துடைக்கிற கட்டளை ஒன்று டர்போ சி-யில் இருக்கும், லினக்ஸின் கம்பைலரைக் கேட்டால் அப்படி ஒரு ஆளைத் தெரியாது என்றுவிடும். கடைசியில் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் டர்போ சி-யைப் போட்டு ஓட்டினான். பழைய லேப்டாப்பில், புது இயங்குதளத்தில், அதைவிடப் பழைய இயங்குதளத்தின் வேஷத்தில், அவன் வயதைவிட மூத்த கம்பைலர். இன்டர்னல் மார்க் முக்கியம் அல்லவா!

அந்த ஆகஸ்ட் 9-ம் தேதி 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற பையன்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பெண்களுக்கு 'புதுமைப் பெண்' என்று 2022-லேயே வந்துவிட்டது. முதல் மாதப் பணத்தில் பழைய 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கிச் செருகினான். அடுத்தடுத்த மாதம் சேர்த்து ஒரு எஸ்எஸ்டி. களமும் பெரிதானது, குலுக்கையும் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு ஆன் செய்துவிட்டு டீ போட நேரம் கிடையாது. விலையில்லாக் கணினியை விலையில்லாப் பணம் காப்பாற்றிய கதை என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அதே வகுப்பில் நாற்பதாயிரம் போட்டு வாங்கியவர்களும் அதே டர்போ சி-யைத்தான் ஓட்டுகிறார்கள்.

கோவில்பட்டி அக்காவின் வேர்டு கோப்புகள்தான் கடைசி வேலை. லிபர் ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தது. பாமினி என்பது யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குப்பை. 2010-ல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்ட பிறகும் பல வருடம் டிடிபி கடைகளில் பாமினியும் வானவில்லும்தான் ஓடின. பைத்தானில் 'ஓப்பன் தமிழ்' என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது, இந்த மாதிரிப் பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும். முதல் செமஸ்டர் லீவில் அதைக் கற்றுக்கொண்டு எல்லாக் கோப்புகளையும் மாற்றினான். டைப் செய்யும்போது தடவிய இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. அதை நிரல் சரி செய்யாது. ஒலியைக் கேட்டுத்தான் திருத்த வேண்டும். சில சொற்கள் ஆச்சி வாயில் மட்டும் இருந்தவை. அகராதியில் கிடையாது.

2025 பொங்கல் லீவுக்கு அக்கா வந்தபோது இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் காதில் ஒரு இயர்போன், இன்னொருத்தர் காதில் மற்றது. தம்பி தமிழ்99-ல் அடிப்பான், அக்கா சொல்வார். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து, அந்தச் சொல்லுக்கு அது அர்த்தமில்லை என்று நடுவில் நடுவில் சண்டை போடுவார். நாலு நாளில் பதினோரு பாட்டு முடிந்தது.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சில்லும் ஓரளவு புது செயலியும் வேண்டும், சுமார் 2018-க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் தேறாது. கடைகளுக்கு மறுபடியும் நிறைய பெட்டிகள் வரும், மறுபடியும் ஃபார்மேட் என்பார்கள், அல்லது புதுசு வாங்கச் சொல்வார்கள். அந்தத் தெருவில் மட்டும் இப்போது வேறொரு பழக்கம் வந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்திலிருந்து இதுவரை ஐந்து கவர்மெண்ட் லேப்டாப்கள் அவனிடம் வந்திருக்கின்றன. மூன்று எழுந்தன. ஒன்றில் டிஸ்க் அடியோடு போய்விட்டது. இன்னொன்றில் மதர்போர்டு. எழுந்த மூன்றில் இரண்டில், டிஸ்க்கின் கடைசியில், காலி ஃபோல்டரோடு அதே பாஸ் இருந்தது.

அக்காவின் பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார்கள். ஆச்சி பாட்டுகளுக்கு நகல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. இன்னும் ஆறு பாட்டு எழுத வேண்டியிருக்கிறது.